இட்லியில் பூத்த குங்குமம்

என்னை விருந்துக்குக் கூப்பிட எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள். கூப்பிட்டுத் தொலைத்துவிட்டால், சமையலறைப் பக்கம் நான் வராமல் பார்த்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூஜெர்ஸியில் பார்சிப்பனி என்ற ஊரில் குடியிருந்தோம். வளாகத்தில் பாதிக்குப் பாதி நம்மவர்கள்தான். மாதம் ஒரு பாட்லக்காவது நடக்கும். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து அலுமினியத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். மதியம் வைத்த தயிர்சாதம் விளக்கு வைக்கும் நேரத்திலும் அதே மேஜையில் உட்கார்ந்திருக்கும். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. இதை ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள் என்பேன். பச்சைக் கோழி நறுக்கிய பலகையிலா வெங்காயம் நறுக்குகிறீர்கள் என்பேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இதைக் குப்பையில் போடலாமா என்று கேட்பேன். இப்படிப்பட்டவளை யார் கூப்பிடுவார்கள்?

என் வேலை அப்படி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருந்த மைக்ரோபயாலஜி லேபில் இருந்தேன். மாடியில் படுத்திருக்கும் நோயாளிகளின் ரத்தம், சளி, சிறுநீர், புண்ணில் எடுத்த சீழ் எல்லாம் எங்களிடம் வந்து சேரும். அவற்றைத் தட்டையான சின்னக் கிண்ணங்களில் ஜெல்லி மேல் பூசி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைப்போம். மறுநாள் எது முளைத்திருக்கிறது என்று பார்த்து டாக்டருக்குச் சொல்வோம். அந்த வேலையில் நான் கற்ற விஷயம் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக் கிருமி என்று பயந்து பேசுகிறோமே, அவற்றில் பாதிக்கு ஆஸ்பத்திரி வெறும் வேலை பார்க்கிற இடம். வீடு வாசல் எல்லாம் வெளியேதான். ஒன்று கோழிக் கறியில் இருக்கும். ஒன்று அழுகின வெங்காயத்தில். ஒன்று பூச்சாடித் தண்ணீரில், ஒன்று நாய் வாயில், ஒன்று தொட்டி மண்ணில். நம்மோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்துபவைதான். உடம்பு தெம்பாக இருக்கும்வரை நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதை நான் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அதனால் எனக்குக் கிருமி மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு மேல். புதிதாக யாராவது எனக்குக் கை கொடுக்க வந்தால், "பாத்துங்க, நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பிடுவா" என்பார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை போடுவேன்.

என்னைப் பயமில்லாமல் சமையலறைக்குள் விட்ட ஒரே ஆள் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த அக்கா. சேலத்துப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். "உன் கிருமியெல்லாம் லேப்ல விட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு" என்று தட்டைப் போடுவார். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் ப்ரோக்ராமர். ஓயாமல் பேசுவார், தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார். அவர்கள் இருவர் மட்டும்தான் அந்த வீட்டில்.

அந்த வருஷம் வசந்த காலத்தில் மாமாவுக்கு ரத்தத்தில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சிகிச்சை. நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு குழாயைச் சொருகி, அது வழியாக மருந்தை ஏற்றினார்கள். அந்த மருந்து புற்றையும் அடிக்கும், உடம்பைக் காவல் காக்கிற வெள்ளணுக்களையும் சேர்த்து அடிக்கும். ஒவ்வொரு தடவையும் மருந்து ஏறின பிறகு சில நாட்கள் அவர் உடம்பில் காவலுக்கு ஆளே இருக்காது. அந்த நாட்களில் அவர் கிட்டே பூ கூடாது, பச்சைக் காய் கூடாது, தோல் உரிக்காத பழம் கூடாது; விபூதி குங்குமம்கூட வேண்டாம் என்று நானும் சொல்லி வைத்திருந்தேன். அக்கா எதையும் மீறவில்லை. தலையில் வைத்த பூவை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் மாமா கிட்டே போவார். ஆனால் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என்னோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

ஆடி மாதம் வந்தது. அக்கா வீட்டில் ஆடி வெள்ளிக்குக் குலசாமிக்குப் படையல் போடுவார்கள். அவர்கள் வழக்கம் கொஞ்சம் வேறு. நுனி இலையில் இட்லி வைத்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அம்மன் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், அவள் வந்து போனதற்கு ஏதாவது அடையாளம் இருக்குமாம். அமெரிக்க அபார்ட்மென்டில் பூஜை அறைக்கு எங்கே போவது? பாத்ரூமை ஒட்டித் துணி வைக்கிற ஒரு அலமாரி அறை இருந்தது. அதில் ஒரு பக்கம் வேக்யூம் கிளீனர், மறுபக்கம் அம்மன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா விளக்கேற்றிக் கதவைச் சாத்தினாரோ இல்லையோ, படுக்கையறையில் மாமாவுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. தொட்டால் அனல். வெள்ளணு இல்லாத நேரத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். அக்கா ஓடிப்போய் விளக்கை அணைத்தார், கதவைத் திரும்பச் சாத்தினார், ஏசியை நிறுத்தினார், மாமாவைக் காரில் ஏற்றினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. படையலை யார் நினைத்தார்கள்? நியூஜெர்ஸி ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், மூடின அறைக்குள், ஈர இலையில், இட்லி அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவுக்குக் காய்ச்சல் இறங்கியது. அக்கா குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்கு வந்து, அலமாரிக் கதவைத் திறந்தார்.

அன்றைக்கு எனக்கு வார இறுதி ஷிப்ட். மூன்று மணிக்கு மேல் வீடு திரும்பினால், வளாகத்தில் கார் நிறுத்த இடமில்லை. பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் கீழ் வீட்டு வாசலில் கூட்டம்.  மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, விஷயம் கேட்க எங்கள் வீட்டுக்குப் படியேறி ஓடினேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் காபியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. ஃபீவர் இறங்கிடுச்சாம். கீழ அம்மன் வந்திருக்கா. இட்லி மேல குங்குமம் வெச்சிட்டுப் போயிருக்காளாம்."

"என்னது?"

"உனக்குப் புண்ணியமாப் போகட்டும், நீ மட்டும் கீழ போகாத."

நான் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன்.

வீடு முழுக்க ஆட்கள். அக்கா நடுவில் நின்றிருந்தார். தலை ஈரம் காயவில்லை. மாதக்கணக்காகப் பார்க்காத சிரிப்பு முகத்தில். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன்னால் நிறுத்தினார். "பாரு, நல்லாப் பாரு" என்றார்.

பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்ற இட்லியின் மேல், குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி, சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ஓரிடத்தில் நாலைந்து புள்ளிகள் சேர்ந்து பெரிய பொட்டாகப் பளபளத்தன. கூட்டத்தில் ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு நிமிஷம் கை தானாகக் கூப்பிக்கொண்டது. அப்புறம் குனிந்து கிட்டே பார்த்தேன். அந்தப் பளபளப்பு எனக்குத் தெரிந்த பளபளப்பு.

மதுரையில் கல்லூரி படிக்கும்போது, முதல் வருஷ லேபில் எங்களுக்குக் காட்டிய முதல் கிருமி அதுதான். அதன் பெயர் செராட்டியா. ரத்தச் சிவப்பாக இருக்கும், அதனால் யாருக்கும் மறக்காது. மண்ணில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், பூச்சி வயிற்றில் இருக்கும். ஈரமான சாதம், ரொட்டி, மாவு என்று எது கிடைத்தாலும் அதன் மேல் வளரும். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரி லேபில் அதே கிருமி எங்கள் பெட்டிச் சூட்டில் பெரும்பாலும் வெளுப்பாகத்தான் வரும். வெளியே, அறைச் சூட்டில் விட்டால்தான் சிவப்புப் புடவை கட்டிக்கொள்ளும். தெம்பான உடம்பை அது ஒன்றும் செய்யாது. ஆனால் தெம்பில்லாத உடம்புக்குள், முக்கியமாகக் குழாய் சொருகின உடம்புக்குள், நுழைந்துவிட்டால் ரத்தத்தில் பரவும். அப்படிப் பரவிய ஆட்களின் ரத்தம் எங்கள் லேபுக்கு வந்திருக்கிறது. சிலர் பிழைக்கவில்லை.

சுற்றிப் பார்த்தேன். கூட்டத்தில் பலர் நெற்றியில் அந்தச் சிவப்பு இருந்தது. ஒருத்தர் நாக்கிலேயே வைத்துக்கொண்டாராம். அவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பாட்லக்கில் அதைவிட மோசமானதை எல்லாம் தின்று ஜீரணித்தவர்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று அவரைப் பாத்ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். குளியல் தொட்டியில் தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது.

"இலையை எங்க கழுவினீங்க?"

"இங்கதான். ஜெர்ஸி சிட்டில வாங்கின ஃப்ரோஸன் இலை, வெறைச்சுப்போய் மடங்கிக் கெடந்துச்சு. நுனி இலை கிச்சன் சிங்க்ல எப்படிப் பிடிக்கும்? கிழிஞ்சுடாதா? தொட்டில விரிச்சு, ஷவரத் திறந்துவிட்டு நல்லா அலசினேன். ஏன் கேக்கற?"

"இந்த வளையத்தப் பாருங்க. இதுதான் இலைல ஏறி இட்லிக்கு வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

அக்கா தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என் பாத்ரூம் அழுக்குன்னு சொல்றதுக்குத்தான் இத்தன பேருக்கு நடுவுல என்ன இழுத்துட்டு வந்தியா?"

"ஐயோ, அழுக்குன்னு சொல்லலைக்கா. எங்க வீட்டுத் தொட்டிலயும் இருக்கு. எல்லார் வீட்டுலயும் இருக்கு."

"அப்ப உங்க வீட்டு இட்லில ஏன் அம்மன் வரல?"

 எங்கள் வீட்டில் இட்லியை நான் இரண்டு நாள் வெளியே விட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடி விழுந்திருக்கும்.

"அக்கா, நீங்க கும்பிடுங்க. நியூஜெர்ஸியவே கூப்பிட்டுக் காட்டுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். மாமாகிட்ட மட்டும் இதக் கொண்டுபோகாதீங்க. விபூதியே இப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல? அவர் உடம்புல எதிர்த்து நிக்க இப்ப ஆள் இல்ல. இது உள்ள போச்சுன்னா…"



அக்கா மெதுவாகச் சொன்னார். "அவருக்குத்தானே வந்தா? அவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன்? நீ சொன்ன விபூதி கடைல வாங்கினது. இது அவளே வெச்சது." பிறகு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "குடுத்தனுப்பியாச்சு" என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்கிறவர், வெள்ளிச் சிமிழில் அந்தச் சிவப்பை இட்லியோடு கிள்ளி எடுத்துக்கொண்டு சற்று முன்புதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார். நெற்றியில் கொஞ்சம், நாக்கில் கொஞ்சம் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்.

ஓடிப்போய் மாமாவின் அறைக்கு ஃபோன் போட்டேன். என்கேஜ்ட். திரும்பப் போட்டேன். திரும்பவும் என்கேஜ்ட். எடிசன், பிஸ்கடவே என்று நம்மவர்கள் இருக்கும் ஊர்களிலிருந்தெல்லாம் ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்கள் இருக்கும் மேஜைக்குப் போட்டேன். எடுத்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பட்டுச் சட்டை போட்ட ஒருவர் வருவார், அவர் பாக்கெட்டில் வெள்ளிப் பெட்டி இருக்கும், அதில் சிவப்பாக ஒன்று இருக்கும், அதை உள்ளே விடாதீர்கள் என்றேன். அது உணவா என்று கேட்டாள். உணவுதான், ஆனால் உணவு இல்லை என்றேன். மருந்தா என்றாள். தெய்வம் என்றேன். என்னை ஹோல்டில் போட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரவேயில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். நான் ஏறுவதற்குள் மறுபக்கக் கதவைத் திறந்து அக்கா உட்கார்ந்தார்.  சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூட் 46 நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊரில் உள்ள அத்தனை பேரும் அன்றைக்குத்தான் கடைக்குப் போகவேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள். நான் ஹார்ன் அடித்தேன், அமெரிக்காவில் யாரும் அடிக்காத அளவுக்கு. சிக்னலில் நின்றபோது அக்கா வாயைத் திறந்தார்.

"நெஜமாச் சொல்லு. அம்மன் வரலையா?"

என் வாழ்க்கையில் கிருமியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு யோசித்துத்தான் சொன்னேன்.

"இட்லில வந்து உக்காந்தது என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. ஏன் உங்க வீட்டு இட்லில, ஏன் மாமாவுக்கு ஜுரம் இறங்கின அன்னைக்கே, அதெல்லாம் எங்க லேப்ல பாக்க வசதி இல்ல."

 அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நாள் அந்தச் சேர்ல உக்காந்திருந்தேன். மானிட்டரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பேச ஒரு ஆள் இல்ல. வீட்டுக்கு வந்து கதவத் திறந்தா, யாரோ 'நான் இருக்கேன்டி'ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

 நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்தேன். இரண்டு மாடி ஏறிப்போய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். சிக்னல் பச்சையாகிப் பின்னால் வண்டிக்காரன் ஹார்ன் அடித்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் என் பேட்ஜைக் காட்டி ஊழியர் லிஃப்டில் ஏறினோம். மாமாவின் அறைக்கு வெளியே சின்ன முன்னறை ஒன்று உண்டு. அங்கே கையைக் கழுவி, மஞ்சள் காகித அங்கி மாட்டி, முகமூடியும் கையுறையும் போட்டால்தான் உள்ளே போகலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தேன் என்று அக்கா பிறகு பல வருஷம் சொல்லிக் காட்டினார்.

சங்கத் தலைவர் உள்ளே நின்றிருந்தார். கழுத்திலிருந்து முழங்கால்வரை மஞ்சள் அங்கி. அதன் நாடாக்களை முதுகுப் பக்கம் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வெள்ளிச் சிமிழ் அங்கிக்கு அடியில், பட்டுச் சட்டையின் மேல் பாக்கெட்டில். எதிரே ஒரு நர்ஸ், மருந்துப் பையை மாற்றிக்கொண்டு, இவரை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தாள். தலைவர் ஒரு கையைக் கழுத்து வழியாக விட்டுப் பார்த்தார், போகவில்லை. பக்கவாட்டில் விட்டுப் பார்த்தார். நர்ஸ் திரும்பினால் நெஞ்சைச் சொறிவது போல் நடித்தார். முகமூடிக்கு மேலே வேர்வை வழிந்துகொண்டிருந்தது. சங்கத்தின் எந்தக் கூட்டத்திலும் அவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. மாமா தலையணையில் சாய்ந்து, காதில் ஃபோனோடு, அவரை ரசித்துக்கொண்டிருந்தார்.

நானும் அக்காவும் அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். நர்ஸ் வேலை முடிந்து வெளியே போனாள். கதவு மூடியதும் தலைவர் முதுகு நாடாவை அவிழ்த்து, ஒரே இழுப்பில் சிமிழை வெளியே எடுத்தார். மலையைப் பிளந்து வந்தவர் போல் மூச்சு வாங்கினார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. நீங்களே உங்க கையால வைங்க. அதுதான் முறை" என்று அக்கா கையில் கொடுத்தார்.

அக்கா கட்டில் பக்கத்தில் போய் நின்றார். மாமா ஃபோனை வைத்தார். முடியெல்லாம் கொட்டி, புருவம்கூட இல்லாமல், குழந்தை முகமாக இருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"குடு. சாப்பிடறேன்."

"மாமா, அது என்னன்னு தெரியுமா?" என்றேன் நான்.

"ரெண்டு நாள் ஆன இட்லின்னு தெரியும். அதுல செவப்பா வந்தா என்னன்னு, உன்கூட இத்தன வருஷம் பழகி எனக்குத் தெரியாதா?" என்றார். "காலைல ஃபோன்ல சிரிச்சாம்மா. நாலு மாசத்துல அவ சிரிச்சுக் கேக்கவே இல்ல. அதுக்கு ஒரு இட்லித் துண்டு சாப்பிடலாம்."

  அக்கா சிமிழைத் திறந்தால் கையைத் தட்டிவிட வேண்டும் என்று ஒரு அடி முன்னால் வந்து நின்றேன். பெரியவர், அக்கா, அம்மன் என்று எதையும் பார்க்கப் போவதில்லை.

அக்கா சிமிழ் மூடியின் மேல் கட்டைவிரலை வைத்தார். அப்படியே நின்றார். மாமாவின் நெஞ்சில், சட்டைக்கு மேலே எட்டிப் பார்த்த அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி சிமிழை என் கையில் வைத்து அழுத்தினார்.

"இது எனக்கு வந்தது" என்றார் மாமாவிடம். "உங்களுக்கு இல்ல."

முன்னறைக்குப் போய்க் கையுறையைக் கழற்றி எறிந்தார். கையைக் கழுவ ஆரம்பித்தார். முழங்கைவரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நகத்தை உள்ளங்கையில் உரசி, நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்து ஒருத்தரும் செய்யாத விதத்தில் கழுவினார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தோள் குலுங்கியதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். தலைவர் மட்டும் அங்கி நாடாவைத் திரும்பக் கட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

புதுக் கையுறை ஒன்றை நான் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. மாமாவின் மேல் குனிந்து, நெற்றி நடுவில் மோதிர விரலை வைத்து, பொட்டு வைப்பது போலவே ஒரு சின்ன வட்டம் சுற்றி எடுத்தார். விரலில் ஒன்றும் இல்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதேன். முகமூடி நனைந்து மூச்சுவிட முடியவில்லை.

சிமிழை என்ன செய்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் லேபுக்குக் கொண்டுபோனேன். எங்களிடம் பெரிய பிரஷர் குக்கர் மாதிரி நீராவிப் பெட்டி ஒன்று உண்டு. கிருமி பட்டதையெல்லாம் அதில் அவித்துத்தான் வெளியே அனுப்புவோம். சிமிழை அதற்குள் வைத்தேன். சூபர்வைசர் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கதவை மூடினேன். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிமிழ் பளபளவென்று வெளியே வந்தது. அதன் பிறகு குளியல் தொட்டியை வாரம் ஒரு முறை பிளீச் போட்டுக் கழுவுவதாக அக்கா சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நான் மாடிக்குப் போய் அக்காவோடு உட்கார்ந்துகொண்டேன். பழையபடி என்னோடு சண்டை போட ஆரம்பித்தார். தினமும் வந்ததும் கையைக் கழுவுவார், வெறும் விரலால் மாமாவுக்குப் பொட்டு வைப்பார். அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார். காய்ச்சல் திரும்ப வரவில்லை. வெள்ளணுக்கள் மெல்ல மெல்ல ஏறின. ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து, போதுமான அளவு ஏறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம், இனிமேல் விபூதி குங்குமம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தயாராகத்தான் வந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து புதுக் குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விரலைத் தொட்டுக் குங்குமத்தோடு குனிந்தபோது மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேண்டாம்" என்றார். "தினமும் வெச்சியே, அப்படியே வை."